நாள் பார்த்துப் போகவேண்டிய நாடு: புருனே பயணத்துக்கு முழு வழிகாட்டி

புருனேவுக்குப் போய்வந்தவர்களில் பாதிப்பேர் சொல்லும் குறை ஒன்றுதான்: “பார்க்க ஒன்றுமில்லை, போன இடமெல்லாம் பூட்டிக் கிடந்தது.” எந்தக் கிழமை போனீர்கள் என்று கேட்டுப் பார்த்தால் குட்டு உடைந்துவிடும். வியாழன் காலை இறங்கி, சனிக்கிழமை விடியலில் விமானம் ஏறியிருப்பார்கள். அந்த இரண்டு நாளும் இஸ்லாமியர் அல்லாத பயணிகளுக்குப் பெரிய மசூதிகள் திறப்பதில்லை. வெள்ளி நண்பகலில் ஊரே அடைத்துவிடும். வேறெந்த நாட்டுக்கும் ஹோட்டலை முதலில் தேடலாம். புருனேவுக்கு மட்டும் காலண்டரை முதலில் எடுங்கள்.

இரண்டு துண்டாக ஒரு நாடு

போர்னியோ தீவின் வடகரையில், மலேசியாவின் சரவாக் மாநிலத்துக்குள் செருகி வைத்ததுபோல் இருக்கிறது புருனே. பரப்பு 5,765 சதுர கிலோமீட்டர், மக்கள்தொகை நாலரை லட்சம் அளவில். சரவாக்கின் லிம்பாங் மாவட்டம் நடுவில் புகுந்து நாட்டை இரண்டாகப் பிரிக்கிறது. மேற்குத் துண்டில் தலைநகர் பந்தர் செரி பகவானும், எண்ணெய் ஊரான செரியாவும், துத்தோங், பெலாய்ட் மாவட்டங்களும் உள்ளன. கிழக்குத் துண்டு முழுக்க தெம்புரோங் மாவட்டம். மழைக்காடு பார்க்கப் போகிறவர்கள் போகவேண்டியது அங்கேதான்.

அண்டை நிலங்களில் காட்டை வெட்டிச் செம்பனை என்ற பாமாயில் மரத்தை நட்டபோது இங்கே நிலத்தில் முக்கால் பங்குக்கு நெருக்கமாகக் காடு நிற்பதற்குக் காரணம் பெட்ரோலிய எண்ணெய். 1929-இல் செரியாவில் எண்ணெய் கிடைத்தது. அதன் பிறகு மரம் விற்றுப் பிழைக்கவேண்டிய தேவை அரசுக்கு இருக்கவில்லை. 2007-இல் இந்தோனேசியா, மலேசியாவோடு சேர்ந்து ‘போர்னியோவின் இதயம்’ என்ற காடு காக்கும் உடன்பாட்டிலும் புருனே இணைந்தது.

முதல் வேலை: தேதி குறிப்பது

வெயில் ஆண்டு முழுக்க ஒன்றுதான். இரவில் 23 டிகிரி, பகலில் 32. மழையும் எல்லா மாதமும் உண்டு. கேள்வி எவ்வளவு என்பது மட்டுமே. அக்டோபர் முதல் ஜனவரி வரை கொட்டும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை ஒப்பிட்டால் குறைவு. வழக்கமான வழிகாட்டிகள் இந்த மூன்று மாதத்தைச் சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடும். ஆனால் ரமலான் மாதம் ஆண்டுக்குப் பதினோரு நாள்போல முன்னே நகர்கிறது. 2026-இல் அது பிப்ரவரி நடுவில் தொடங்கி மார்ச் 20-ஐ ஒட்டி முடியும் கணக்கு. 2027-இல் பிப்ரவரி இரண்டாம் வாரத்திலேயே தொடங்கிவிடும். அதாவது, மழை குறைந்த நாட்களின் பெரும்பகுதி இப்போது நோன்பு நாட்கள்.

நோன்பு மாதத்தில் பகலில் உணவகங்களில் உட்கார்ந்து சாப்பிட முடியாது, பொட்டலம் மட்டுமே. பொது இடத்தில் தண்ணீர் குடிப்பதும் சட்டப்படி குற்றம். அறைக்குள் சாப்பிட்டுக்கொள்ளலாம். குழந்தைகளோடு போகிறவர்கள் இந்த மாதத்தைத் தவிர்ப்பதே நல்லது. தனியாகப் போகிறவர்களுக்கு ஒரு லாபமும் உண்டு: மாலையில் நோன்பு திறக்கும் நேரத்துச் சந்தைகளின் பரபரப்பை மற்ற மாதங்களில் பார்க்க முடியாது.

எங்கள் பரிந்துரை, நோன்புப் பெருநாளை ஒட்டிய வாரம். ஊரில் அதை ஹரி ராயா என்பார்கள். பெருநாளின் இரண்டாம் நாளிலிருந்து மூன்று நாள், சுல்தானின் இஸ்தானா நூருல் ஈமான் அரண்மனை எல்லோருக்கும் திறக்கும். 1,788 அறை கொண்ட இந்த அரண்மனைக்குள் வெளியார் நுழைய முடிவது ஆண்டில் இந்த மூன்று நாள்தான். வரிசையில் நின்று உள்ளே போனால் சாப்பாடு போடுவார்கள். பிறகு ஆண்கள் சுல்தானையும் இளவரசர்களையும், பெண்கள் அரசியையும் அரச குடும்பப் பெண்களையும் சந்தித்து வாழ்த்துச் சொல்லலாம். விடியலிலேயே போய்விடுங்கள், வரிசை பல மணி நேரம் நகரும். ஒரு எச்சரிக்கை: பெருநாளின் முதல் நாள் கடை, உணவகம், வண்டி எதுவும் சரியாகக் கிடைக்காது. முந்தின நாளே ரொட்டியும் பழமும் வாங்கி அறையில் வையுங்கள். பிறை பார்த்தே பெருநாள் முடிவாகும் என்பதால் டிக்கெட்டில் ஒரு நாள் முன்பின் இடம் விடுங்கள்.

இனி வாரக் கணக்கு. அரசு அலுவலகங்களுக்கு விடுமுறை வெள்ளியும் ஞாயிறும். சனிக்கிழமை வேலை நாள். வெள்ளிக்கிழமை 12 முதல் 2 மணி வரை ஜும்ஆ தொழுகைக்காகக் கடை, உணவகம், அருங்காட்சியகம் எல்லாம் கட்டாயமாக மூடவேண்டும். ஞாயிறு காலையில் தலைநகரின் மையச் சாலைகளில் வண்டிகளை நிறுத்தி, ஓடவும் சைக்கிள் விடவும் ஊரைத் திறந்துவிடுவார்கள். பக்கத்திலேயே கியாங்கே ஆற்றோரச் சந்தையும் அன்று களைகட்டும்.

இதையெல்லாம் கூட்டிக் கழித்தால் நான்கு இரவுக்குப் பொருந்தும் அடுக்கு இது: சனி மாலை இறங்குவது, ஞாயிறு காலை சந்தையும் நீர்க் கிராமமும், திங்கள் தெம்புரோங் போய் அங்கே ஓர் இரவு, செவ்வாய் மாலை திரும்புவது, புதன் மசூதிகளும் அருங்காட்சியகமும், அன்று இரவோ வியாழன் காலையோ கிளம்புவது. ஆறு பெருகித் திங்கள் பயணம் தட்டினால் செவ்வாய்க்குத் தள்ளலாம். அந்த இடைவெளி இல்லாமல் திட்டம் போடவேண்டாம்.

விசா, விமானம், பணம்

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு முன்கூட்டியே விசா வேண்டும். புதுதில்லியிலுள்ள புருனே ஹைகமிஷனில் விண்ணப்பிக்கவேண்டும். ஆறு மாதச் செல்லுபடி மிஞ்சிய பாஸ்போர்ட், திரும்பும் டிக்கெட், தங்குமிட முன்பதிவு, வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றைத் தயாராக வைத்து, பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே அனுப்பிவிடுங்கள். சிங்கப்பூர், மலேசியப் பாஸ்போர்ட் உள்ள தமிழர்களுக்கு இந்தச் சுற்று இல்லை. யாராக இருந்தாலும் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் குடிவரவுத் துறையின் தளத்தில் மின்-வருகை அட்டையை நிரப்பவேண்டும். இதை மறந்து கவுண்டர் முன்னால் நின்று போனில் தட்டச்சு செய்துகொண்டிருப்பவர்கள் ஒவ்வொரு விமானத்திலும் இருப்பார்கள்.

சென்னைக்கும் பந்தர் செரி பகவானுக்கும் இடையே ராயல் புருனே ஏர்லைன்ஸ் 2024 நவம்பரில் நேரடிச் சேவையைத் தொடங்கியது. தினசரி விமானம் இல்லை என்பதால், எந்தெந்தக் கிழமை பறக்கிறது என்பதை மேலே சொன்ன வாரக் கணக்கோடு ஒட்டிப் பாருங்கள். கிழமை ஒத்துவராவிட்டால் சிங்கப்பூர் அல்லது கோலாலம்பூர் வழி. இரண்டிலிருந்தும் இரண்டு மணி நேரத்தை ஒட்டிய பறப்பு. ராயல் புருனேவில் மது கிடையாது. புறப்படும் முன் பயணத் துஆ என்ற பிரார்த்தனை ஒலிக்கும். சைவச் சாப்பாடு வேண்டுமானால் டிக்கெட் போடும்போதே ‘ஆசிய சைவம்’ என்று குறித்துவிடுங்கள். புருனே நேரம் இந்திய நேரத்துக்கு இரண்டரை மணி முன்னால்.

பணத்தில் ஒரு வசதி இருக்கிறது. 1967 முதல் புருனே டாலரும் சிங்கப்பூர் டாலரும் சமமதிப்பு. சிங்கப்பூர் நோட்டை புருனேவின் எந்தக் கடையிலும் அப்படியே வாங்கிக்கொள்வார்கள். புருனே நோட்டை நம் ஊர் நாணய மாற்றுக் கடைகளில் தேடி அலையவேண்டாம். சிங்கப்பூர் டாலராகவே வாங்கிப் போங்கள், ஒன்று ஏறக்குறைய 70 ரூபாய். சந்தையிலும் படகிலும் ரொக்கம்தான், ஒன்று, ஐந்து, பத்து டாலர் நோட்டாகப் பிரித்து வையுங்கள்.

மின்செருகி சிங்கப்பூரைப் போலச் சதுரக் கால் மூன்று கொண்டது. நம் உருண்டைக் கால் செருகி நுழையாது. சிம் கார்டு விமான நிலைய வருகைக் கூடத்திலேயே கிடைக்கும்.

சுங்கமும் சட்டமும்

1991 முதல் நாட்டில் மது விற்பனை இல்லை. இஸ்லாமியர் அல்லாத வயதுவந்த பயணி இரண்டு பாட்டில் மதுவும் பன்னிரண்டு கேன் பியரும் கொண்டுவரலாம். சுங்கத்தில் மஞ்சள் படிவம் நிரப்பி முத்திரை வாங்கி, அந்தப் படிவத்தைப் பாட்டில் காலியாகும்வரை கையில் வைத்திருக்கவேண்டும். குடிப்பது அறைக்குள் மட்டும். சிகரெட்டுக்குச் சலுகையே கிடையாது. ஒவ்வொரு சிகரெட்டுக்கும் வரி, ஒரு பாக்கெட்டானாலும் அறிவிக்கவேண்டும். உள்ளூர்க் கடைகளிலும் கிடைக்காது. இறைச்சி கலந்த உணவுப் பொருள் எதையும் பெட்டியில் வைக்காதீர்கள். போதைப்பொருள் கடத்தலுக்கு மரண தண்டனை. மருந்து எடுத்துப் போகிறவர்கள் மருத்துவரின் சீட்டோடு போங்கள்.

ஷரியா தண்டனைச் சட்டம் 2014-இல் படிப்படியாகத் தொடங்கி 2019-இல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அதன் சில பிரிவுகள் எல்லா மதத்தினருக்கும் பொருந்தும். தன்பாலின உறவுக்குக் கடும் தண்டனை எழுதப்பட்டிருக்கிறது. மரண தண்டனையை நிறைவேற்றுவதில்லை என்று சுல்தான் அறிவித்திருந்தாலும் சட்டம் அப்படியே இருக்கிறது. மணமாகாத ஆணும் பெண்ணும் தனித்திருப்பதற்கு ‘கல்வத்’ என்று பெயர். ஒருவர் இஸ்லாமியராக இருந்தால் அது குற்றம். சுல்தானையோ அரச குடும்பத்தையோ பற்றிக் கிண்டல், விமரிசனம், சமூக ஊடகப் பதிவு எதுவும் வேண்டாம்.

பழக்கவழக்கங்கள் எளியவை. ஆள்காட்டி விரலால் சுட்டாமல், கையை மடக்கிக் கட்டைவிரலால் காட்டுங்கள். எதிர்ப்பாலினத்தவர் கை நீட்டாவிட்டால் நீங்களும் நீட்டாதீர்கள், கையை நெஞ்சில் வைத்துத் தலையசைத்தால் போதும். மஞ்சள் அரச நிறம். அரண்மனைக்கோ அரச விழாவுக்கோ போகும் நாளில் மஞ்சள் சட்டை, மஞ்சள் சேலை வேண்டாம்.

ஊருக்குள் நடமாட்டம்

பெட்ரோல் விலை லிட்டருக்கு 53 சென்ட் அளவில் நிற்கும் நாட்டில் எல்லோரிடமும் கார் இருக்கிறது, அதனால் பேருந்து பாவப்பட்டது. சிறு பேருந்துகள் ஒரு டாலருக்கு ஓடும், ஆனால் மாலை கவிவதற்குள் அடங்கிவிடும். கிராப் டாக்சிச் செயலி இங்கே இல்லை. ‘டார்ட்’ என்ற உள்ளூர்ச் செயலியை விமான நிலையத்திலேயே இறக்கிக்கொள்ளுங்கள். நெரிசல் நேரத்திலும் மழையிலும் வண்டி கிடைக்கத் தாமதமாகும், திரும்பும் விமானத்துக்கு அரைமணி நேரம் கூடுதலாக ஒதுக்குங்கள். மூன்று பேருக்கு மேல் போனால் வாடகைக் கார்தான் லாபம். நம்மைப் போல இடதுபக்கம்தான் ஓட்டவேண்டும். சர்வதேச ஓட்டுநர் அனுமதியை ஊரிலேயே எடுத்துப் போங்கள்.

பந்தர் செரி பகவானில் ஒன்றரை நாள்

ஊர்ப் பெயரை எல்லோரும் ‘பந்தர்’ என்றே சுருக்கிச் சொல்வார்கள். ஆற்றங்கரையில் நின்றால் எதிர்க்கரையில் தெரிவது கம்போங் ஆயர், கம்பங்கள் மேல் நிற்கும் நீர்க் கிராமம். மகெல்லனின் கப்பல்களோடு 1521-இல் இங்கே வந்த இத்தாலியப் பயணி பிகாஃபெட்டா, உப்புநீர் மேல் கட்டப்பட்ட நகரம் என்று எழுதிவைத்தது இதைத்தான். பள்ளி, மசூதி, தீயணைப்பு நிலையம், படகுகளுக்கான பெட்ரோல் நிலையம் எல்லாம் தண்ணீர் மேலேயே இருக்கின்றன.

கரையில் நின்றாலே படகுக்காரர் கை அசைப்பார். அக்கரைக்கு ஒரு டாலர். முதலில் கலாசார, சுற்றுலாக் காட்சிக்கூடத்தில் இறங்கி, பிறகு பலகைப் பாதையில் நடங்கள். புதிய பகுதியில் பாதை கான்கிரீட். பழைய பகுதியில் சில பலகைகள் உளுத்திருக்கும், கைப்பிடியும் எல்லா இடத்திலும் இல்லை. ஆணி அடித்த கோட்டின் மேல் கால் வைத்தால் அடியில் குறுக்குச் சட்டம் இருக்கும், பலகை வளையாது. வீடுகளின் முகப்பு அவர்களுடைய திண்ணை. கேட்காமல் ஏறவோ படம் எடுக்கவோ வேண்டாம்.

மாலை நான்கு மணிக்கு மேல் அதே படகுத்துறையில் இன்னொரு பேரம் இருக்கிறது. போர்னியோவில் மட்டுமே வாழும் நீளமூக்குக் குரங்கைப் பார்க்க, அரண்மனையைத் தாண்டி அலையாத்திக் காடுவரை படகில் போகலாம். பகல் முழுக்க உள்ளே இலை தின்றுகொண்டிருக்கும் கூட்டம், தூங்குவதற்கு ஆற்றோர மரங்களுக்கு வரும் நேரம் அது. மதியம் இரண்டு மணிக்குப் போய்விட்டு ‘ஒன்றையும் காணோம்’ என்று திரும்புகிறவர்கள் நிறைய. ஏறும் முன்பே எத்தனை பேருக்கு, எவ்வளவு நேரம், மொத்தம் எவ்வளவு என்று பேசிவிடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு 20 முதல் 30 டாலர் நியாயம். குரங்கு தெரிந்ததும் இன்ஜினை நிறுத்தச் சொல்லுங்கள், சத்தத்துக்குத்தான் அவை உள்ளே ஓடும். இந்த ஆற்றில் உப்புநீர் முதலை உண்டு, தண்ணீரில் கை அளையவேண்டாம்.

மசூதி இரண்டு. 1958-இல் கட்டி முடித்த உமர் அலி சைஃபுத்தீன் மசூதி ஊர் மையத்தில் நிற்கிறது. தங்கக் குவிமாடம், சுற்றிக் குளம், குளத்தில் கல்லால் கட்டிய அரச ஓடம். கியாரோங் பகுதியிலுள்ள ஜாமி அஸ்ர் ஹஸனில் போல்கியா மசூதி 1994-இல் திறந்தது. இப்போதைய சுல்தான் 29-ஆவது அரசர் என்பதால் அதற்கு 29 தங்கக் குவிமாடம். இஸ்லாமியர் அல்லாதோர் சனி முதல் புதன் வரை, தொழுகை இல்லாத நேரத்தில் போகலாம். காலை 9 முதல் 11 வரை பாதுகாப்பான நேரம். செருப்பைக் கழற்றி, அவர்கள் தரும் அங்கியைப் போட்டுக்கொள்ளவேண்டும். உள்ளே படம் எடுக்கக்கூடாது. படம் வேண்டுமானால் உமர் அலி மசூதிக்கு மாலை ஆறரைக்குக் குளத்தின் மேற்கு, தெற்குப் பக்கமாகச் சுற்றி வாருங்கள். விளக்கு ஏற்றிய கால்மணி நேரம் வானம் நீலமாகவே இருக்கும்.

அரச சின்ன அருங்காட்சியகத்துக்கு ஒரு மணி நேரம் போதும். 1992-இல் வெள்ளிவிழா ஊர்வலத்துக்குச் செய்த ரதத்தைப் பாருங்கள். வெளிநாட்டுத் தலைவர்கள் சுல்தானுக்குக் கொடுத்த பரிசுகளின் வரிசை கொஞ்சம் அலுப்பு.

தெம்புரோங்: காட்டுக்குள் படிப்படியாக

பயணத்தின் உயிர் இது, பணமும் நேரமும் இங்கேதான் செலவாகவேண்டும். உலு தெம்புரோங் தேசியப் பூங்கா 1991-இல் அமைந்தது, சுமார் 500 சதுர கிலோமீட்டர். உள்ளே சாலை கிடையாது. வெளியிலிருந்து போக ஆறு ஒன்றே வழி. அதனால் தானாகப் போய் டிக்கெட் வாங்கும் இடம் இதுவல்ல. பதிவுபெற்ற பயண நிறுவனம் படகு, வழிகாட்டி, அனுமதி மூன்றையும் சேர்த்து ஏற்பாடு செய்யும். ஒரு வாரம் முன்பே பதியுங்கள். ஒரு நாள் பயணத்துக்கே ஆளுக்கு 100 டாலரைத் தாண்டும். பதியும்போது மூன்று கேள்வி கேளுங்கள்: மர உச்சி நடைபாதை அன்று திறந்திருக்குமா? ஆறு பெருகிப் படகு நின்றால் வேறு நாள் தருவீர்களா, பணம் திருப்புவீர்களா? சாப்பாட்டில் சைவம் உண்டா?

படி ஒன்று, பாலம். முன்பெல்லாம் தெம்புரோங் போக அலையாத்திக் காட்டு வழியே விரைவுப் படகு, இல்லாவிட்டால் லிம்பாங் வழியாகப் பாஸ்போர்ட்டில் முத்திரை மேல் முத்திரை. 2020 மார்ச்சில் திறந்த 30 கிலோமீட்டர் நீள சுல்தான் ஹாஜி உமர் அலி சைஃபுத்தீன் பாலம் அதை மாற்றிவிட்டது. புருனே விரிகுடாவைத் தாண்டி, சதுப்புக் காட்டின் தலைக்கு மேலேயே சாலை போகிறது. பங்கார் என்ற சிற்றூருக்கு ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். பழைய வழிகாட்டிகளில் படகு நேரத்தைப் பார்த்துவிட்டுத் துறைமுகத்தில் போய் நிற்காதீர்கள்.

படி இரண்டு, பத்தாங் டூரி. பங்காரிலிருந்து அரைமணி நேரத்துக்குள் இந்தப் படகுத்துறை வரும். இபான் என்ற போர்னியோப் பழங்குடி மக்களின் ஊர்கள் இந்த வழியில்தான். இங்கே தெமுவாய் என்ற நீண்ட ஒடுக்கமான மரப்படகில் ஏறவேண்டும். ஒருவர் பின்னால் மோட்டாரைப் பிடிப்பார், ஒருவர் முன்னால் கழியோடு நின்று பாறை பார்ப்பார். ஆள் நடுவில் உட்காரவேண்டும், எழுந்து நிற்கக்கூடாது, விரலைப் படகு விளிம்புக்கு வெளியே தொங்கவிடக்கூடாது. பாறையோடு உரசும்போது நசுங்கும். அரைமணியிலிருந்து முக்கால் மணி நேரம் ஆற்றை எதிர்த்துப் போகும். மழை சில நாள் நின்றிருந்தால் தண்ணீர் குறைந்து படகு தரைதட்டும். அப்போது இறங்கித் தள்ளவேண்டிவரும், இதுவும் கட்டணத்தில் அடக்கம். மலையில் இரவெல்லாம் பெய்திருந்தால் ஆறு காப்பி நிறத்தில் வரும், படகு ஓடாது. ஊரில் வெயில் அடிக்கிறதே என்று வாதாடிப் பயனில்லை. ஆற்றுக்குக் கணக்கு மலையில் பெய்த மழைதான்.

படி மூன்று, ஏற்றம். பூங்கா அலுவலகத்தில் பெயர் எழுதி, தொங்குபாலம் கடந்து, ஆயிரத்தை ஒட்டிய மரப்படிகள். முழங்கால் வலி உள்ளவர்கள் இதைக் கணக்கில் வைத்து முடிவெடுங்கள். ஏறுவதைவிட இறங்குவதுதான் மூட்டைத் தாக்கும். ஈரப் படியில் பாசி இருக்கும், படியின் விளிம்பில் மிதிக்காமல் முழுப் பாதமும் பதித்து இறங்குங்கள். காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் வியர்வை உலராது, உடல் சூடு இறங்காது. ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீரும் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலமும் கட்டாயம்.

படி நான்கு, மர உச்சி. உலோகக் கோபுரங்களை ஏணியில் ஏறினால் சுமார் 50 மீட்டர் உயரத்தில் கோபுரத்துக்குக் கோபுரம் நடைபாதை. ஒரு நேரத்தில் சிலரைத்தான் விடுவார்கள். காற்றில் கோபுரம் ஆடும். அது பழுதல்ல, வளைந்துகொடுக்கும்படி கம்பிகளால் இழுத்துக் கட்டிய அமைப்பு. உயரம் பயமென்றால் கீழே காத்திருப்பதில் வெட்கமில்லை. இடி கேட்டால் உடனே இறக்கிவிடுவார்கள். உலோகக் கோபுரம் குன்றின் உச்சியில் நிற்கிறது என்பதை நினைத்துக்கொண்டால் கோபம் வராது.

மேலே நின்றால் கண்ணுக்கு எட்டியவரை டிப்டெரோகார்ப் மரங்கள். நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் வெள்ளைக் குங்கிலிய மரத்துக்கு உறவுக்காரர்கள். இவற்றில் காப்பூர் என்ற இனத்தின் கட்டைக்குள் விளையும் படிகம்தான் பழங்காலத்தில் கப்பலேறி நம் கோயில்களுக்கு வந்த பச்சைக் கற்பூரம். இலையைக் கசக்கி முகர்ந்தால் வாசனை வரும். வழிகாட்டியிடம் கேளுங்கள், கீழே விழுந்த இலையைக் காட்டுவார்.

இங்கேதான் ஒரு ஏமாற்றத்தை முன்கூட்டியே சொல்லவேண்டும். மழைக்காடு மிருகக்காட்சிச் சாலை அல்ல, ஒராங்குட்டானைப் பார்க்க வருகிறவர்கள் மலேசியாவின் சபாவுக்கோ சரவாக்குக்கோ போகவேண்டும். இங்கே கிப்பன் குரங்கின் கூவல் கேட்கும், இருவாச்சி பறக்கும் சிறகோசை கேட்கும், சறுக்கிப் பறக்கும் ஓணான் கண்ணில் படலாம். பகல் பத்து மணிக்கு மேல் அதுவும் அடங்கிவிடும். ஒரு நாள் பயணிகள் உச்சிக்கு வந்துசேர்வது சரியாக அந்த நேரத்தில். அதனால்தான் ஓர் இரவு தங்கச் சொல்கிறோம். பூங்காவுக்குள் தங்கினால் விடியுமுன் நெற்றிவிளக்கோடு ஏறி, மூடுபனி விலகும்போது மேலே நிற்கலாம். பத்தாங் டூரி பக்கத்து எளிய முகாம்கள் மலிவு, ஆனால் விடியல் ஏற்றம் உண்டா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

படி ஐந்து, ஓடை. திரும்பும் வழியில் ஆப்பான் ஓடையின் சிற்றருவிக்குக் கூட்டிப்போவார்கள். முழங்கால் தண்ணீரில் சிறு மீன்கள் காலைக் கொத்தும். மேலே இருட்டினால் உடனே வெளியேறுங்கள், ஓடை நிமிடத்தில் ஏறும்.

எடுத்துப் போகவேண்டியவை குறைவு: சீக்கிரம் உலரும் முழுக்கால்சட்டையும் முழுக்கைச் சட்டையும், மாற்றுடை, தண்ணீர் புகாத பை, நெற்றிவிளக்கு, கொசுத் தைலம். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் இரண்டு நாள் உலராது. காலுக்கு விலையுயர்ந்த மலையேற்றக் காலணியைவிட, ஊர்க்கடைகளில் சில டாலருக்கு விற்கும் கறுப்பு ரப்பர்க் காலணி மேல். படகோட்டிகள் போடுவது அதுதான். முள் வைத்த அடிப்பாகம் பாசியில் வழுக்காது, தண்ணீரும் தங்காது. பெரிய அளவு கிடைப்பது கஷ்டம், பந்தரிலேயே வாங்கிவிடுங்கள்.

அட்டை கடிக்கும், அதுவும் மழைக்குப் பிறகு நிச்சயம். கால்சட்டையைச் சாக்ஸுக்குள் செருகுங்கள். ஒட்டிக்கொண்டால் பிய்க்காதீர்கள். வாய் உள்ள மெல்லிய முனைக்கு அடியில் நகத்தைச் செருகி வழித்துவிட்டால் விழுந்துவிடும். இரத்தம் உறையாமல் இருக்க அது ஏதோ சுரப்பதால் அரைமணி நேரம் கசியும், பயப்படவேண்டாம். மலேரியா ஒழிந்த நாடாக 1987-இல் உலக சுகாதார நிறுவனம் புருனேவை அறிவித்தது. டெங்கு உண்டு, பகல் கொசுவிடம்தான் எச்சரிக்கை. பூங்காவுக்குள் போன் சிக்னலை நம்பாதீர்கள். ஊருக்குள் அவசரமென்றால் ஆம்புலன்ஸ் 991, போலீஸ் 993, தீயணைப்பு 995.

சாப்பாடு

தேசிய உணவு அம்புயாட். நம் சேலத்து ஜவ்வரிசி மரவள்ளிக் கிழங்கில் செய்வது. இது உண்மையான சேகோ பனையின் அடிமர மாவு. கொதிநீர் ஊற்றிக் கிண்டினால் பசை மாதிரி திரளும், தனக்கென்று ருசி கிடையாது. சந்தாஸ் என்ற இரட்டை மூங்கில் குச்சியில் சுருட்டி, புளிப்பும் காரமுமான சாச்சா குழம்பில் முக்கி, மெல்லாமல் விழுங்கவேண்டும். மென்றால் பல்லில் ஒட்டிப் பாடுபடுத்தும். ஆறினால் கெட்டியாகிவிடும், வந்ததும் சாப்பிடுங்கள்.

வயிற்றுக்கும் பைக்கும் பாதுகாப்பு நாசி காத்தோக்: சோறு, பொரித்த கோழித் துண்டு, சம்பால் என்ற மிளகாய்த் துவையல். நாள் முழுக்கக் கிடைக்கும், ஒரு டாலரை ஒட்டிய விலை. மாலையில் கடோங் இரவுச் சந்தையில் சுட்ட மீன், குவே பலகாரம், கரும்புச் சாறு.

சைவர்களுக்குக் கண்ணி சம்பாலில் இருக்கிறது. பெலாச்சான் என்ற இறால் விழுது அதில் கட்டாயம் சேரும், கீரை வதக்கலிலும் சேரும். “தக் மாவு டாகிங், ஈக்கான், ஊடாங், பெலாச்சான்” (இறைச்சி, மீன், இறால், இறால் விழுது வேண்டாம்) என்று நான்கையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். ‘சைவம்’ என்று ஒரே சொல்லில் சொன்னால் மீன் வரும். மாமாக் எனப்படும் தமிழ் முஸ்லிம் கடைகளில் ரொட்டி கோசோங் என்ற வெறும் பரோட்டாவுக்கும் தே தாரிக் என்ற ஆற்றிய பால் தேநீருக்கும் பிரச்சினை இல்லை, பருப்புக் குழம்பில் மட்டும் மீன் குழம்பு கலக்காமல் கேட்டு வாங்குங்கள். கடையை மலாயில் கெடாய் என்பார்கள், விமானத்தைக் காப்பால் தெர்பாங், பறக்கும் கப்பல் என்பார்கள். கெடாயும் காப்பாலும் நம்மிடமிருந்து போன சொற்கள்.

கூடுதல் நாள் இருந்தால்

பந்தரிலேயே தாசேக் லாமா பூங்காவில் காலை ஏழு மணிக்கு நடந்தால் செலவில்லாமல் ஒரு சிறு காடும் நீர்வீழ்ச்சியும் கிடைக்கும். தெம்புரோங் தட்டிப்போனவர்களுக்கு அது ஆறுதல் பரிசு. கார் உள்ளவர்கள் செரியாவுக்கு ஒன்றரை மணி நேரம் ஓட்டினால், வீட்டுத் தோட்டத்துக்குப் பக்கத்தில் தலையாட்டிக்கொண்டிருக்கும் எண்ணெய்ப் பம்புகளைப் பார்க்கலாம்.

அங்கிருந்து எல்லை தாண்டி மீரி, அப்படியே முலு குகைகள் என்று நீட்டிக்கும் ஆசை வரும். இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள் கிளம்பும் முன் விசாத் தாளை எடுத்து ஒருமுறை பாருங்கள். ஒற்றை நுழைவு விசாவாக இருந்தால் எல்லைச்சாவடியில் வெளியேறும் முத்திரை விழுந்த கணமே அது முடிந்தது, மாலையில் திரும்பிவர முடியாது, பந்தரில் போட்ட ஹோட்டலும் திரும்பும் விமானமும் அந்தப் பக்கமே நின்றுவிடும். சரவாக்கும் சேர்த்துப் பார்ப்பதாக இருந்தால் இரட்டை நுழைவு கேட்டு விண்ணப்பியுங்கள், அல்லது புருனேவை முதலில் முடித்துவிட்டு மீரியிலிருந்தே ஊர் திரும்பும்படி டிக்கெட் போடுங்கள்.